நேரு இன்டோர் ஸ்டேடியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வேப்பேரிக்காரன். பெரியமேடு நேரு ஸ்டேடியம் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். கல்லூரியில் வாலிபால் ஆடிய நாளிலிருந்து இன்றுவரை அந்த வளாகத்துக்கு ஏதாவது ஒரு காரணத்துக்காகப் போய்க்கொண்டே இருக்கிறேன். கச்சேரிக்கோ கபடிக்கோ டிக்கெட் வாங்கியவர்கள், ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள், அலுவலக நண்பர்கள் எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நேரு ஸ்டேடியமும் இன்டோர் ஸ்டேடியமும் ஒன்றா?

ஒரே வளாகம், இரண்டு அரங்கங்கள். கால்பந்து, தடகளம் எல்லாம் நடக்கிற, சுற்றிலும் கேலரி வைத்த திறந்தவெளி மைதானம் பெரியது. சென்னையின் எஃப்.சி. ஆடுவது அங்கேதான், கால்பந்து ரசிகர்கள் அதை மரினா அரீனா என்பார்கள். கூரையும் ஏ.சி.யும் உள்ள உள்விளையாட்டரங்கம் அதே வளாகத்தில் தனிக் கட்டடமாக நிற்கிறது. இரண்டையும் நடத்துவது தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம். டிக்கெட்டில் எந்த அரங்கம் என்று ஒரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், ஏனென்றால் ஒன்றின் வாசலில் நின்றுகொண்டு மற்றதுக்குச் சுற்றி நடப்பது கூட்ட நாளில் லேசான வேலை இல்லை.

மெட்ரோவில் வந்தால் நேரு பார்க் ஸ்டேஷனில் இறங்கலாமா?

வேண்டாம். பெயரில் நேரு இருப்பதால் வருகிற குழப்பம் இது, வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள். நேரு பார்க் என்பது பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் கீழ்ப்பாக்கம் பக்கம் இருக்கிற வேறொரு இடம். ஸ்குவாஷ் அகாடமி அங்கே இருப்பதால் விளையாட்டுக்காரர்கள்கூடச் சில சமயம் குழம்புவார்கள். நீங்கள் இறங்க வேண்டியது சென்ட்ரல் மெட்ரோ. வெளியே வந்து ரிப்பன் மாளிகையைத் தாண்டி ராஜா முத்தையா சாலைப் பக்கம் நடந்தால் 10, 15 நிமிடம். புறநகர் ரயிலில் வருபவர்களுக்கும் மூர் மார்க்கெட் வளாகம், பூங்கா ரயில் நிலையம் எல்லாமே பக்கத்தில்தான்.

ஸ்டேடியத்துக்கு முன்னால் அந்த இடத்தில் என்ன இருந்தது?

இதைச் சொல்லத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சென்ட்ரலுக்கும் பெரியமேட்டுக்கும் நடுவே இன்று நாம் பார்க்கிற ரிப்பன் மாளிகை, விக்டோரியா பப்ளிக் ஹால், அல்லிக்குளம், ஸ்டேடியம் எல்லாமே ஒரு காலத்தில் ஒரே பூங்காவின் நிலம். சார்லஸ் ட்ரெவெல்யன் கவர்னராக இருந்த 1859இல் திட்டமிட்டது அது, பெயர் பீப்பிள்ஸ் பார்க். பெயரிலேயே மக்கள் இருக்கிறார்கள் பாருங்கள். குளங்கள், நடைபாதைகள், பேண்டு வாசிக்க மேடை, அப்புறம் 1860களிலிருந்து மிருகக்காட்சி சாலை. எழும்பூர் மியூசியத்தை 'செத்த காலேஜ்' என்றும் இந்த மிருகக்காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் அந்தக் காலத்து மெட்ராஸ்வாசிகள் சொல்வார்கள். என் பாட்டி கடைசிவரை உயிர் காலேஜ் என்றுதான் சொன்னார், வண்டலூருக்கு மாறி வெகு காலம் ஆன பிறகும். மாறியது 1985இல்.

வருஷக் கடைசியில் இந்தப் பூங்காவில் கண்காட்சி நடக்கும், பார்க் ஃபேர் என்று பெயர். 1886 டிசம்பர் 31 அன்று அந்தக் கண்காட்சியில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கான பேர் இறந்துபோனார்கள். பந்தலும் கீற்றும் ஓரிரு வழிகளுமாக இருந்த இடத்தில் அவ்வளவு கூட்டம். பெரிய அரங்கத்துக்குள் போனதும் வெளியேறும் கதவு எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு வந்ததே இதைப் படித்த பிறகுதான். உங்களையும் அப்படிச் செய்யச் சொல்வேன்.

பூங்கா கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கரைந்தது. 1880களின் கடைசியில் விக்டோரியா பப்ளிக் ஹால் வந்தது, பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை அங்கேதான் நாடகம் போட்டது. 1900இல் மூர் மார்க்கெட் திறந்தார்கள், 1913இல் ரிப்பன் மாளிகை. மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தது. பழைய புத்தகக் கடைக்காரர்கள் பலர் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். பூங்காவின் மிச்சமாக இப்போது கையில் இருப்பது மை லேடீஸ் பூங்கா மட்டும்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், 160 வருஷமாக இந்த நகரம் வேடிக்கை பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் ஆட்டம் பார்க்கவும் கூடுகிற இடம் இதே வட்டாரம்தான்.

இங்கே டெஸ்ட் கிரிக்கெட் நடந்தது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். உள்ளரங்கத்தில் அல்ல, இப்போதைய திறந்தவெளி மைதானம் கார்ப்பரேஷன் ஸ்டேடியமாக இருந்த காலத்தில். 1956 முதல் 1965 வரை 9 டெஸ்ட் நடந்தன. அந்த ஆண்டுகளில் சேப்பாக்கத்தில் டெஸ்டே கிடையாது, 1967இல்தான் அது சேப்பாக்கத்துக்குத் திரும்பியது.

முதல் டெஸ்டே சரித்திரம். 1956 ஜனவரி, நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கடும் பங்கஜ் ராயும் தொடக்க விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தார்கள். முதல் நாள் முழுக்க ஒரு விக்கெட்கூட விழவில்லை. மன்கட் 231, ராய் 173. அந்தச் சாதனை 52 வருஷம் நின்றது. 2008இல் தென்னாப்பிரிக்காவின் கிரீம் ஸ்மித்தும் நீல் மெக்கென்ஸியும் சிட்டகாங்கில் 415 அடித்த பிறகுதான் போனது. அப்புறம் 1962 ஜனவரியில் நாரி கான்ட்ராக்டர் தலைமையில் இந்தியா முதன்முறையாக இங்கிலாந்திடம் ஒரு தொடரை வென்றதே, அதன் கடைசி டெஸ்டும் இங்கேதான் நடந்தது. சலீம் துரானி அந்த ஆட்டத்தில் 10 விக்கெட் எடுத்தார். கச்சேரிக்கு வந்து வரிசையில் நிற்கிற பிள்ளைகளிடம் இதையெல்லாம் சொன்னால் கண்ணை விரிக்கிறார்கள். ஒரு கல்வெட்டாவது கண்ணில் படுகிற இடத்தில் பெரிதாக வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

இப்போதைய கட்டடங்கள் எப்போது வந்தன?

1990களில். 1992இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் உருவானது. பழைய ஸ்டேடியத்தை எடுத்துக் கட்டி 1993இல் நேரு கோப்பை கால்பந்தை இங்கே நடத்தினார்கள், வட கொரியா கோப்பையைக் கொண்டுபோனது. 1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி மெட்ராஸுக்கு வந்தது. நகரத்தின் விளையாட்டு முகமே மாறிய சில வருஷங்கள் அவை. நுங்கம்பாக்கம் டென்னிஸ் ஸ்டேடியம், வேளச்சேரி நீச்சல் வளாகம் எல்லாம் அந்த வேகத்தில் வந்தவை.

எத்தனை பேர் உட்காரலாம்?

உள்ளரங்கத்தில் சுமார் 8,000. மேடை போட்டால் மேடைக்குப் பின்னால் இருக்கிற கேலரி வீணாகும், ஆனால் ஆடுகளத் தரையில் நாற்காலி போடுவார்கள்.

கூரை எதற்கு அவ்வளவு உயரம்?

பந்துக்காக. வாலிபாலில் உலக அளவுப் போட்டி என்றால் ஆடுகளத்துக்கு மேலே 12.5 மீட்டர் எதுவும் குறுக்கே இல்லாமல் இருக்க வேண்டும், விளக்கோ கம்பியோ தொங்கக்கூடாது. தாழ்வான கூரை உள்ள ஹாலில் ஆடிப் பழகிய பையன் இங்கே வந்து முதல் தடவை பந்தை உயரத் தூக்கிக் கொடுக்கும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும், பந்து மேலே போய்க்கொண்டே இருக்கும், எதிலும் இடிக்காது. நான் அந்தப் பையனாக இருந்தவன். கூடைப்பந்துக்கு 28க்கு 15 மீட்டர் களம் வேண்டும், வாலிபாலுக்கு 18க்கு 9, ஆண்கள் கபடிக்கு 13க்கு 10. ஆக ஒரே தரையில் இவை எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் போட முடிகிறது, கபடிக்கு மேட் என்கிற ஆடுகளப் பாயை விரித்தால் போதும்.

தொந்தரவு எங்கே வருகிறது என்றால் காற்றில். டேபிள் டென்னிஸ் பந்து 2.7 கிராம், இறகுப்பந்து 5 கிராம் சுமார். ஏ.சி. காற்று நேரே அடித்தால் ஆட்டமே திசை மாறிவிடும். ஏ.சி.யைக் குறைத்தால் பார்ப்பவர்கள் வெந்துவிடுவார்கள். சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு மனித உடம்பு கிட்டத்தட்ட 100 வாட் வெப்பத்தை வெளியே விடுகிறது, 8,000 பேர் என்றால் 8 லட்சம் வாட். அதற்கு மேல் விளக்குகளின் சூடு, வெளியே சென்னை வெயில். இத்தனையையும் சமாளித்து பந்து அசையாமல் பார்த்துக்கொள்கிற தொழில்நுட்ப ஆட்களுக்கு யாருமே கைதட்டுவதில்லை.

இங்கே நடந்ததில் மறக்க முடியாத போட்டிகள்?

2009 செப்டம்பரில் ஆசியப் பெண்கள் கூடைப்பந்து சாம்பியன்ஷிப் முழுக்க இங்கேதான். சீனா கொரியாவை இறுதியில் வென்றது. அந்த வேகத்தில் பாஸ் போடுவதை நேரில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

2017இல் தமிழ் தலைவாஸ் புரோ கபடி லீகுக்கு வந்தபோது இங்கே ஆடினார்கள். கபடி நம் மாநில விளையாட்டு, சடுகுடு ஆடாத தெரு கிடையாது, ஆனால் அதற்கு முன் எத்தனை பேர் கபடியை ஏ.சி. அரங்கில் டிக்கெட் வாங்கிப் பார்த்திருப்போம்? செங்குன்றம், பொன்னேரி பக்கமிருந்தெல்லாம் கிளப் பையன்கள் ஜெர்சியோடு குழுவாக வந்து உட்கார்ந்து, ரெய்டரின் கால் எங்கே இருக்கிறது என்று டி.வி. ரீப்ளேக்கு முன்னாலேயே சத்தமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். முக்கால்வாசி சரியாகவே இருந்தது.

2019 பிப்ரவரி 22, புரோ வாலிபால் லீகின் முதல் பதிப்பு, இறுதி ஆட்டம் இங்கே. சென்னை ஸ்பார்டன்ஸ் காலிகட் ஹீரோஸை 3-0 என்று வென்றது. வாலிபாலுக்காக அந்த அரங்கம் கத்தியதைக் கேட்டு எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. எங்கள் காலத்தில் மாநிலப் போட்டியின் இறுதி ஆட்டத்துக்கே ஆடுபவர்களின் வீட்டுக்காரர்கள்தான் வருவார்கள்.

அப்புறம் 2025 மார்ச். சரத் கமல் தன் கடைசிப் போட்டியாக, வளர்ந்த ஊரிலேயே, இங்கே நடந்த சர்வதேச டேபிள் டென்னிஸ் போட்டியைத் தேர்ந்தெடுத்தார். 5 ஒலிம்பிக், 2022 காமன்வெல்த் ஒற்றையர் தங்கம் என்று வந்தவர் இன்னொரு இந்திய வீரரான, இளையவரான ஸ்நேகித்திடம் தோற்று விடைபெற்றார். தோற்ற ஆட்டத்துக்கு ஒரு அரங்கமே எழுந்து நின்றது.

இளையராஜா கச்சேரி எந்த வருஷம்?

2005 அக்டோபர் 16. சுமார் 25 வருஷத்துக்குப் பிறகு அவர் நேரடியாக மேடையில் நடத்திய கச்சேரி. 2011 டிசம்பரிலும் ஒன்று நடந்தது, அதைத்தான் பலர் முதல் கச்சேரி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

2005க்கு நான் போயிருந்தேன். அக்டோபர் மழைக்காலம், வெளியே பெரியமேடு தெருக்களில் சேறு, செருப்பைக் கையில் பிடித்தபடி நடந்து வந்தவர்களும் உண்டு. ரேடியோவிலும் டேப்ரெக்கார்டரிலும் மட்டுமே கேட்டு வளர்ந்த வயலின் வரிகளை, நிஜ வில் நிஜக் கம்பியில் உரசிக் கேட்டது அன்றைக்குத்தான். எனக்குப் பக்கத்தில் ஒரு நடுத்தர வயதுக்காரர், திருவண்ணாமலைப் பக்கமிருந்து பஸ் பிடித்து வந்தவர், ஒரு பாட்டின் இடையிசை தொடங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. முடிந்ததும் "வரேன் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாட்டுக் கேட்கும்போது சில இடங்களில் சத்தம் கலங்கலாக வருகிறதே, ஏன்?

விளையாட்டுக்குக் கட்டிய எந்த ஹாலிலும் இது வரும். சுவரும் தரையும் கேலரியும் கடினமாக இருக்கும்போது சத்தத்தை விழுங்க ஆளில்லை, அது மோதித் திரும்பி வருகிறது. சத்தம் நொடிக்கு 340 மீட்டர் சொச்சம் ஓடும். கூரையில் பட்டுச் சுற்றி வருகிற சத்தம் நேராக வருவதைவிட 34 மீட்டர் கூடுதலாகப் பயணித்தால் பத்தில் ஒரு நொடி பிந்தி உங்கள் காதுக்கு வரும். பாடகர் அடுத்த அட்சரத்துக்குப் போயிருப்பார், முந்தைய அட்சரம் அப்போதுதான் உங்களிடம் வந்து சேர்ந்திருக்கும். தாளம் வேகமாக இருந்தால் இன்னும் கலங்கும். மியூசிக் அகாடமி மாதிரிப் பாட்டுக்கென்றே கட்டிய சபா ஹாலோடு ஒப்பிடுவது இதற்கு நியாயமில்லை.

ஆனால் கூட்டம் நிறைந்தால் நிலைமை மாறும், ஏனென்றால் மனித உடம்பும் துணியும் சத்தத்தை நன்றாக உறிஞ்சும். மதியம் ஒத்திகையில் காலி அரங்கில் கேட்டதும் இரவு நிரம்பிய அரங்கில் கேட்பதும் ஒரே ஒலி இல்லை. நல்ல ஒலிப்பொறியாளர் இதைக் கணக்கில் வைத்துத்தான் வேலை செய்வார். எங்கே உட்காரலாம் என்று கேட்டால், மேடைக்கு நேர் எதிரே, ஸ்பீக்கர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, ரொம்ப உயரமும் இல்லாமல் நடு வரிசைகள். விலை கூடிய தரை நாற்காலியின் ஓரத்தைவிட இது மேல். கபடிக்கு மட்டும் எவ்வளவு கீழே கிடைக்கிறதோ அவ்வளவு கீழே.

சினிமா இசை வெளியீட்டு விழாக்கள் ஏன் எப்போதும் இங்கேயே நடக்கின்றன?

ஆயிரக்கணக்கான பேருக்குக் கூரையும் ஏ.சி.யும் நகரத்தின் நட்டநடுவில் வேறு எங்கே கிடைக்கும்? காமராஜர் அரங்கம், கலைவாணர் அரங்கம், பல்கலைக்கழக நூற்றாண்டு மண்டபம் எல்லாம் இதைவிடச் சிறியவை. மழைக்கு அஞ்ச வேண்டாம், சென்ட்ரலில் இறங்கி ரசிகர்கள் நடந்தே வந்துவிடலாம், நட்சத்திரங்களுக்குத் தனி வாசல். 2008இல் ஜாக்கி சானும் 2014இல் அர்னால்ட் ஷ்வார்ஸ்நெக்கரும் வந்து மேடையேறியது இங்கேதான். பாஸ் இருந்தும் உள்ளே போக முடியவில்லை என்று என் தம்பி ஒரு தடவை திரும்பி வந்திருக்கிறான், எனவே இலவசப் பாஸ் என்றால் இரண்டு மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள்.

அப்படியானால் பெரிய வெளிநாட்டுப் பாடகர்கள் ஏன் இங்கே பாடுவதில்லை?

கணக்குத்தான். அவர்களுக்கு 8,000 இருக்கை போதாது. எட் ஷீரன் 2025 பிப்ரவரியில் வந்தபோது நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் பாடினார். திறந்தவெளிக்குப் போனால் டிக்கெட் எண்ணிக்கை கூடும், ஆனால் கழிவறை, பார்க்கிங், வெளியேறும் வழி எல்லாவற்றையும் புதிதாகக் கட்டிக் கழற்ற வேண்டும். 2023 செப்டம்பரில் ஈ.சி.ஆர். பக்கம் நடந்த ஒரு பெரிய கச்சேரியில் டிக்கெட் வாங்கியவர்களே உள்ளே போக முடியாமல் தவித்தது ஊருக்கே தெரியும். 15,000, 20,000 பேருக்கான மூடிய அரங்கம் ஒன்று சென்னைக்கு வேண்டும்.

செஸ் ஒலிம்பியாட் இங்கேயா நடந்தது?

தொடக்க விழாவும் நிறைவு விழாவும் இங்கே, 2022 ஜூலை 28, ஆகஸ்ட் 9. ஆட்டங்கள் மாமல்லபுரம் பக்கம் பூஞ்சேரியில். 2013 ஆனந்த்–கார்ல்சன் உலக செஸ் சாம்பியன்ஷிப் ஆட்டத்தையும் சிலர் இங்கே நடந்ததாகச் சொல்கிறார்கள், அது ஒரு நட்சத்திர ஹோட்டலில் நடந்தது.

கொரோனா சமயத்தில் இங்கே பெரிய வரிசை நின்றதே, அது என்ன?

2021 மே. ரெம்டெசிவிர் மருந்து விற்பனையைக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியிலிருந்து நேரு ஸ்டேடியத்துக்கு மாற்றினார்கள். பல மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் மருத்துவச் சீட்டும் ஆதாரும் கையில் வைத்துக்கொண்டு விடிய விடிய நின்றார்கள். கூட்டம் கட்டுக்கடங்காமல் போகவே, மருத்துவமனைகளுக்கே நேரடியாகக் கொடுக்கும்படி மாற்றினார்கள். நண்பனின் அப்பாவுக்காக நானும் அந்த வரிசையில் நின்றேன். எத்தனையோ தடவை சிரித்துக்கொண்டு நுழைந்த வாசல். அன்றைக்கு யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

விளையாட்டரங்கத்தை விழாக்களுக்குக் கொடுப்பது சரியா?

இதற்கு எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு. அரங்கம் பூட்டிக் கிடப்பதைவிட நிரம்பியிருப்பது நல்லது, வாடகை வருவதும் நல்லதுதான். ஆனால் ஒரு மாலை விழா என்றால் ஒரு நாளோடு முடிவதில்லை. மேடை கட்ட, விளக்கு ஏற்ற, தரையை மூட, பிறகு எல்லாவற்றையும் அவிழ்த்துச் சுத்தம் செய்ய என்று நாட்கள் போகும். அந்த நாட்களில் அந்தத் தரையில் யாரும் ஆட முடியாது. மரத் தரையும் ஆடுகளப் பாயும் கனமான இரும்புச் சட்டங்களைத் தாங்கச் செய்தவை அல்ல. பயிற்சிக்கு நாலு மணிக்கு எழுந்து பஸ் ஏறி வருகிற பிள்ளைக்கு ஒரு வாரம் என்பது பெரிய இழப்பு. முட்டுக்காட்டில் கலைஞர் பன்னாட்டு அரங்கம் வருகிறது, நந்தம்பாக்கத்தில் வர்த்தக மையம் இருக்கிறது. விழாக்கள் அந்தப் பக்கம் நகரட்டும். கச்சேரிகள் கொஞ்சம் இருக்கலாம், பாட்டு இல்லாத நேரு ஸ்டேடியத்தை என்னாலும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் நாட்காட்டியில் முதல் உரிமை ஆடுபவர்களுக்கு என்று இருக்க வேண்டும்.

இரவு நிகழ்ச்சி முடிந்து வீடு திரும்புவது எப்படி?

பத்தரைக்குள் வெளியே வந்துவிட்டால் மெட்ரோவைப் பிடித்துவிடலாம். அதற்கு மேல் ஆனால் சென்ட்ரல் வரை நடந்து அங்கே ஆட்டோ பிடியுங்கள், ஸ்டேடியம் வாசலில் நின்று ஆப்பில் கூப்பிட்டால் வண்டி உள்ளே வரவே அரை மணி நேரம் ஆகும். கார் கொண்டுவராமல் இருப்பதுதான் நல்லது, சைடன்ஹாம்ஸ் ரோடு பக்கம் அன்றைக்கு முழுக்க நெரிசல். பசித்தால் பெரியமேட்டில் பிரியாணிக் கடைகள் இருக்கின்றன, நாங்கள் ஆட்டம் முடிந்து கடைசியாக ஒதுங்குகிற இடம் அதுதான்.